சூட்டிக்கு ஒரு படங்கு

2024ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 31ஆம் திகதி, வியாழக்கிழமை வந்தது. வெள்ளைக்காரரின் ஹலோவீன் எல்லா வருடமும் ஒக்டோபர் 31தான். அது திதி பார்க்காது, நட்சத்திரமும் பார்க்காது. ஆகவே அந்த ஒரே நாளில் நரகாசுரன் செத்துத் தொலைந்ததற்காக ஒரு சாரார் எண்ணெய் வைத்துக் குளிக்க, செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று சொல்லி இன்னொரு சாரார் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டார்கள். பதுளைத் தோட்டப்பக்கத்து ஆட்களான எங்களுக்கு இந்த இரண்டாவது சாராரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. கொழும்பிலிருந்து என் தங்கச்சி மகள் தீபாவளி லீவுக்கு வந்து இறங்கியதில் தொடங்கியது வினை.

இரவுத் தபால் ரயிலில் வந்தவள், முகம்கூடக் கழுவாமல் இஸ்தோப்புக்கு ஓடி, அங்கே சாக்கில் சுருண்டு கிடந்த சூட்டியைக் காட்டிக் கேட்டாள்: "மாமா, சூட்டிக்கு என்னா வேஷம்?"

சூட்டி எங்கள் வீட்டு நாய். முழங்கால் உயரம்கூட வராது. தோட்டத்து நாய்க்கும் பண்டாரவளைப் பக்கத்து பொமரேனியன் ஒன்றுக்கும் பிறந்தது என்று கொண்டுவந்து தந்தவர் சொன்னார். பொமரேனியன் சம்பந்தப்பட்டதற்கான ஒரே அத்தாட்சி வால். மற்றபடி கறுப்பு உடம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே பழுப்பு நிறத்தில் ஆளுக்கொரு பொட்டு. எங்கள் பக்கம் இதை நாலு கண் நாய் என்பார்கள். எமனுடைய நாய்கள் இரண்டுக்கும் நாலு நாலு கண் என்று வேதத்தில் இருக்கிறது. நாய் ஊளையிட்டால் அதன் கண்ணுக்கு எமன் தெரிகிறான் என்று எங்கள் லயத்தில் இன்றைக்கும் நம்புகிறார்கள். தினமும் எமனையே நேரில் பார்க்கிற ஒரு பிராணிக்குப் பேய் வேஷம் போட்டு நாம் யாரைப் பயமுறுத்தப் போகிறோம்? இதைத்தான் நான் மருமகளிடம் கேட்டேன். அவள் தன் அம்மாவின் போனை எடுத்து அமெரிக்க நாய்களின் படங்களைக் காட்டத் தொடங்கினாள்.

பார்த்தேன். தேனீயாக ஒரு நாய். பூசணிக்காயாக ஒரு நாய். இரண்டு பக்கமும் பஞ்சு ரொட்டியைக் கட்டி, நடுவில் சொசேஜாகத் தானே நிற்கும் நீள நாய். நியூயோர்க்கில் டொம்ப்கின்ஸ் சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 1990களிலிருந்து வேஷம் போட்ட நாய்களின் ஊர்வலமே நடக்கிறது. இது ஏதோ பணக்காரர் நாலு பேரின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஹலோவீனுக்குச் செல்லப் பிராணிகளின் உடுப்புக்கு மட்டும் அமெரிக்கர்கள் 70 கோடி டொலர் செலவழிப்பார்கள் என்று அந்த நாட்டுச் சில்லறை வியாபாரிகளின் தேசியச் சம்மேளனம் கணக்குச் சொன்னது. அதே 2023இல் இலங்கை முழுவதும் தேயிலை ஏற்றுமதி செய்து சம்பாதித்தது ஏறத்தாழ 130 கோடி டொலர். ஊவா, நுவரெலியா, திம்புள்ள, ருஹுணு என்று அத்தனை மலையிலும் அத்தனை பெண்களும் வருடம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்தின் விலையில் பாதிக்கு மேல், அங்கே ஒரு நாள் நாய், பூனைச் சட்டைக்குப் போகிறது. இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாம தேயிலைய பிடுங்கிப் போட்டுட்டு நாய்ச் சட்டை தைக்கலாமே" என்றார். பெருந்தோட்டத்துறையைப் பற்றி இதைவிடத் தெளிவான யோசனையை நான் எந்த அமைச்சரிடமும் கேட்டதில்லை.

நாய் வேஷம் என்பது நமக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நம்முடைய வழக்கம் தலைகீழ். நம் கதைகளில் நாய் வேஷம் போடாது. பெரிய ஆட்கள்தான் நாய் வேஷம் போடுவார்கள். தருமருக்குப் பின்னாலேயே சொர்க்கவாசல் வரைக்கும் நடந்து போன நாய் யார்? தருமதேவதை. அர்ச்சுனனைச் சோதிக்கச் சிவன் வேடனாக வந்தபோது கூட வந்த நாலு நாய்கள்? நாலு வேதங்கள். எங்கள் தோட்டங்களில் அர்ச்சுனன் தபசு கூத்து ஆடிய தலைமுறைக்கு இது தண்ணீர்பட்ட பாடு. வேதமே நாய்த்தோல் போர்த்துக்கொண்டு வந்த நாட்டில், நாய்க்குத் தேனீச் சட்டை போடுவது பதவியிறக்கம் அல்லவா?

நேப்பாளத்துக்காரர்கள் இதில் நம்மைவிட நியாயமானவர்கள். நாம் விடியற்காலையில் எண்ணெய் வைத்துக் குளிக்கிற அதே நரகசதுர்த்தசியில் அவர்கள் குக்குர் திகார் என்று நாய்க்கென்றே ஒரு பண்டிகை கொண்டாடுகிறார்கள். நெற்றியில் திலகம், கழுத்தில் செவ்வந்தி மாலை, தட்டு நிறையச் சாப்பாடு. தெருநாய்க்கும் உண்டு, பொலிஸ் நாய்க்கும் உண்டு. நாய் அங்கே நாயாகவே மரியாதை வாங்குகிறது. "அப்ப சூட்டிக்கு ஒரு மாலை போட்டு விட்டுருவோமா?" என்று கேட்டேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில், வரப்போகும் வேலையின் அளவு தெரிந்துவிட்டது.

முதலில் என்ன வேஷம் என்று முடிவாக வேண்டும். அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டே குடும்பம் கூடியது.

பேய் என்றாள் மருமகள். வெள்ளைத் துணியில் இரண்டு ஓட்டை போட்டால் முடிந்தது. அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: "ஐப்பசியில பேய் வேணாம்." கொழும்புப் பிள்ளைக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கும். ஒக்டோபர் கடைசி என்றால் பதுளை மாவட்டத்தில் மழை. மழை என்றால் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுக்கிற ராத்திரிகள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29. பயத்தை ஒரு ராத்திரிக்கு விலை கொடுத்து வாங்குகிற ஊர்களில் பேய் வேஷம் நல்ல விளையாட்டு. எங்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. பேய் அத்தோடு போனது.

அப்படியானால் உள்ளூரில் பேர்போன ஆவி ஒன்றை எடுப்போம் என்று நான் மேஜர் ரொஜர்ஸ் துரையின் பெயரை முன்மொழிந்தேன். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். ஆயிரத்து நானூறு யானைக்கு மேல் சுட்டுத் தள்ளியவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பதுளை சென் மார்க்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விடவில்லை என்பது எல்லோரும் சொல்லும் கதை. காக்கி அரைக்கால்சட்டை, தலையில் தொப்பி, முதுகில் ஒரு மரத் துப்பாக்கி. நாய்க்குத் துரை வேஷம் கச்சிதமாகப் பொருந்தும் என்று எனக்கு நம்பிக்கை. அம்மா ஆட்சேபித்தார். "தொர வேசம் போட்டா அது அப்புறம் நம்ம சோத்த திங்குமா?" பழைய காலத்தில் துரை பங்களா நாய்க்கு இறைச்சி போட்டதை லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்த கதை அம்மாவிடம் நிறைய இருக்கிறது. சூட்டியின் குணம் கெட்டுவிடக் கூடாது என்று அதையும் விட்டோம்.

பக்கத்து வீட்டில், ஓய்வுபெற்ற கண்டாக்கையா ஒருவர் இருக்கிறார். அவர் நடைமுறைவாதி. கர்நாடகத்தில் சிவமொகா பக்கம் 2019இல் ஒரு விவசாயி, தோட்டத்தில் குரங்குத் தொல்லை தாங்காமல் தன் நாய்க்குப் புலிபோல வரி வரியாகச் சாயம் பூசி விட்ட செய்தியைப் பேப்பரில் படித்து ஞாபகம் வைத்திருந்தார். "நம்ம போஞ்சிப் பாத்தியில ஒண்ண விடுறானுங்களா? இவனுக்கு வரியப் போட்டு விடுங்க தம்பி" என்றார். குரங்கு இந்த நாட்டில் சாதாரணப் பிரச்சினையல்ல என்பது நான்கைந்து மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, ஊரெல்லாம் அவரவர் தோட்டத்தில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணித் தரும்படி அரசாங்கமே கேட்டது. அந்த ஐந்து நிமிடமும் எங்கள் தோட்டத்துக் குரங்குகள் வேறெங்கோ போயிருந்தன. எட்டு ஆறுக்கு வந்தன.

ஆனாலும் கண்டாக்கையாவின் யோசனையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, மனிதனின் தலைச்சாயம் நாயின் தோலுக்கு ஆகாது. நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. அதே 2024 மே மாதம் சீனாவில் தாய்ச்சோ மிருகக்காட்சிசாலையில் சௌ சௌ நாய்களுக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசிப் பண்டா என்று காட்டி உலகமே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு எல்லோரும் கேட்டது நாயின் தோலைப் பற்றித்தான். இரண்டு, தீபாவளி நெரிசலில் பதுளை பஜாரில் ஒரு தமிழன் கடைக்காரரிடம், "புலி செய்யணும், மஞ்சள் துணி ரெண்டு யார் குடுங்க" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். யுத்தம் முடிந்தது 2009இல் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல இன்னும் ஒரு தலைமுறை போகட்டும்.

மைத்துனர் தேர்தல் பெனர் ஒன்றைக் கொண்டுவந்தார். நவம்பர் 14இல் பொதுத் தேர்தல். தோட்டத்தில் துணிக்கு மட்டும் அப்போது பஞ்சமில்லை. நல்ல கனமான துணி, வேட்பாளரின் சிரித்த முகம் சரியாக சூட்டியின் முதுகில் விழும். அம்மா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தாளு தோத்துப் போனா?" என்றார். "ஜெயிச்சா?" என்று மைத்துனர் கேட்டார். "ஜெயிச்சா இந்தப் பக்கமே வரமாட்டான். நாய் மட்டும் அஞ்சு வருசம் அவன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியணுமா?"

கடைசியில் வேஷத்தை முடிவுசெய்தது மருமகள். எல்லவிலும் நுவரெலியாப் பக்கமும் சுற்றுலாப் பயணிகள் கொழுந்துக்காரிபோல உடுத்திக்கொண்டு, முதுகில் கூடையோடு படம் எடுப்பதை அவள் பார்த்திருந்தாள். "அம்மாயி மாதிரி!" என்றாள். சூட்டி கொழுந்துக்காரியாவது என்று தீர்மானம் நிறைவேறியது. சூட்டி ஆண் நாய். அதனால் என்ன? காமன் கூத்தில் ரதியாக வருவது எந்தப் பொம்பிளை?

தைப்பதற்குப் பஜாரில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் தையல்கார நானாவிடம் போனேன். தீபாவளி வாரத்தில் தையல் கடைக்குப் போவதே தப்பு. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாருக்கு?"

"வீட்டுல சின்னவனுக்கு, நானா."

"கழுத்து?"

"பத்து இஞ்சி."

"நெஞ்சு?"

"பதினஞ்சு."

"நீளம்?"

"கழுத்துலருந்து வால் வரைக்கும் பன்னெண்டு."

மிஷின் நின்றது.

விசயத்தைச் சொன்னேன். நானா கோபிக்கவில்லை. "தம்பி, எட்டு மாப்பிள்ளைச் சட்டை தைக்க ஈக்கி. நாய் புழங்குற துணிய நான் தொடவும் ஏலாது, தெரியுந்தானே. கடதாசில வெட்டித் தாறேன், நீங்க ஊசி நூலால தச்சிக்கொள்ளுங்க" என்று பழைய பேப்பர் ஒன்றை விரித்தார். தன் வாழ்நாளில் நாயைத் தொட்டிராத மனிதர், நாயின் முன்கால் எங்கே வரும், நெஞ்சு எங்கே அகலும் என்று கேட்டுக் கேட்டு, அரை மணித்தியாலம் மினக்கெட்டு வெட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. "இதுக்கு நான் பில் எழுதினா, நாளைக்கு பேரன் படிச்சிட்டுச் சிரிப்பான்" என்றார்.

அவர் சொன்னதிலிருந்தும் சூட்டியிடம் படித்ததிலிருந்தும் உங்களுக்குச் சில குறிப்புகள். நாய்க்குச் சட்டை தைப்பதில் முக்கியமான அளவு கழுத்தல்ல, நெஞ்சு. முன்காலுக்குப் பின்னால், விலா அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றி எடுக்க வேண்டும். நாயை நிற்க வைத்தே அளக்க வேண்டும். உட்கார்ந்தால் அளவு மாறும், படுத்தால் நாயே மாறும். கழுத்திலும் நெஞ்சிலும் இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி வேண்டும். பொத்தான் வைக்காதீர்கள். நாய்க்குப் பொத்தான் என்பது சட்டையோடு இலவசமாக வரும் தின்பண்டம். வெல்க்ரோ ஒட்டி நல்லது. இழுத்தால் தானாகக் கழன்று வரும், எங்காவது வேலியில் மாட்டினாலும் கழுத்தை இறுக்காது. வயிற்றுப் பக்கம் துணியை வெகுதூரம் பின்னால் கொண்டு போகாதீர்கள், ஆண் நாயென்றால். ஏனென்று கேட்காதீர்கள், முதல் விளக்குக் கம்பத்தில் தெரியும்.

வேஷத்துக்கு மூன்று உருப்படி தேவை: படங்கு, கூடை, தலைத்துணி. படங்கு என்பது கொழுந்துக்காரிகள் மழைக்கும் கவ்வாத்துக் குச்சி கிழிக்காமல் இருக்கவும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கெட்டிச் சீலை. அம்மா வேலையிலிருந்து நின்ற பிறகும் எறியாமல் மடித்து வைத்திருந்த படங்கின் ஒரு மூலையிலிருந்து, நானா தந்த கடதாசி அளவில், சூட்டிக்கு வெட்டி வெல்க்ரோ வைத்துத் தைத்தோம். கூடைக்கு யோகட் கப். அதைச் சுற்றிப் பனையோலையைப் பின்னுவது மருமகளின் திட்டம். பதுளையில் பனை இல்லாததால் தேங்காய் ஈர்க்கு. உள்ளே நாலு இலை நிஜக் கொழுந்து. தலைக்கு அம்மாவின் பழைய சேலைத் துண்டு.

அணிவித்தோம். சூட்டி சிலையானது. கண் மட்டும் அசைகிறது. உடம்பில் துணி விழுந்த மாத்திரத்தில் பல நாய்கள் இப்படித்தான் உறைந்துபோகும். பிறகு நாக்கால் மூக்கை ஒருதரம் தடவியது, ஒரு கொட்டாவி விட்டது. தூக்கம் வருகிறதென்று மருமகள் நினைத்தாள். காரணமில்லாமல் நாய் கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், காதைப் பின்னுக்கு மடித்தால், அது தூக்கமல்ல, சங்கடம். ஒரு பிஸ்கட்டைக் காட்டினோம். ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு தன் முதுகில் இருப்பது என்னவென்று பார்க்கத் திரும்பியது; பின்பக்கமும் கூடவே திரும்பியது. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வந்து தன் பாதைக்கு அடியிலேயே நுழைவதுபோல, சூட்டி சுற்றிச் சுற்றிக் கடைசியில் தன் படங்குக்குள்ளேயே தலையை நுழைத்துக்கொண்டு நின்றது.

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உதைப்பு. மழையிலும் வெயிலிலும் அவர் வயிற்றுப்பாட்டுக்குச் சுமந்த உடுப்பு அது; அதை நாய்க்கு மாட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சூட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"படங்க இப்பிடியா கட்டுறது?" என்றார். குனிந்து அவிழ்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தை உள்ளே மடித்துச் செருகினார். "கூடைக் கயிறு நெத்தியில வரணும். முதுகுல ஒட்ட வைக்கிறதுக்கு இதென்ன ஸ்கூல் பேக்கா?" கயிற்றை சூட்டியின் நெற்றிக்குக் கொண்டுவந்தார்; நாலு கண்ணில் மேல் கண் இரண்டும் மறைந்தன. தலைத்துணியை ஒரு இழுப்பில் சரிசெய்தார். சூட்டி ஆடவில்லை, அசையவில்லை. வேலை தெரிந்த கை என்று நாய்க்கும் தெரிகிறது. பிறகு அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாலு எலைதானா? பதினெட்டுக் கிலோ எடுக்காட்டி இதுக்கு அரைப்பேருதான் போடுவாங்க."

நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை முடிவெடுத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சூட்டியின் அரைப்பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, கணக்குப் பார்த்து, அதில் நாய் பிஸ்கட் பக்கெட் எத்தனை வரும் என்று மருமகள் விரல் விட்டாள். ஹலோவீனில் அவள் படித்த ஒரே கணக்கு அதுதான்.

கடைசியாகக் கழுத்துப்பட்டி. விசர்நாய்த் தடுப்பூசி போட்டபோது தந்த தகட்டை அதில் கோர்த்து வைத்திருந்தோம். நாயைப் பதிவுசெய்து கழுத்தில் அடையாளம் மாட்ட வேண்டும் என்பது இந்த நாட்டில் 1901ஆம் ஆண்டுச் சட்டம். அதே காலத்தில்தான் எங்கள் பாட்டன் பாட்டிமார் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கப்பலேறி வந்தபோது, தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் தகட்டைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். டின் டிக்கெட் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் சட்டத்தில் பாரபட்சம் பார்க்காதவன் என்று சும்மாவா சொல்கிறார்கள்? எங்கள் கழுத்துத் தகடு எப்போதோ கழன்றுவிட்டது. சூட்டியின் தகடு அதன் நன்மைக்கு. காணாமல் போனால் வீடு வந்து சேர. அதனால் அதை மட்டும் எந்த வேஷத்திலும் கழற்றுவதில்லை.

சாயந்தரம் ஊர்வலம். ஹலோவீனில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள், தராவிட்டால் குறும்பு செய்வார்கள் என்று மருமகள் விளக்கியிருந்தாள். தீபாவளியன்று லயத்தில் இது நடக்காது. நாம் போய் வாசலில் நிற்பதற்கு முன்பே பலகாரத் தட்டு எதிரே வரும்; வாங்காமல் போனால்தான் சண்டை. மேல் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா போவதற்குள் சூட்டியின் யோகட் கப் நிறைந்துவிட்டது. அதிரசம், முறுக்கு, பயற்றம்பணியாரம். லயத்து நாய்கள் மட்டும் சூட்டியை ஏற்கவில்லை. மணத்தில் அது சூட்டிதான் என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் வால் எங்கே நிற்கிறது, முதுகு மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நாய் இன்னொரு நாயின் மனத்தைப் படிக்கும். படங்கு அதையெல்லாம் மூடிவிட்டது. ஆகவே சந்தேகத்தின் பேரில் குரைத்தன. பிள்ளைகள் மட்டும் பின்னாலேயே வந்தார்கள். கிழவி ஒருத்தி இஸ்தோப்பில் இருந்தபடியே, "இந்தா புள்ள, நேரமாச்சு, மலைய விட்டு எறங்கு" என்று சூட்டியை அதட்டினாள்.

அப்போது கீழ் லயத்தில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள்.

படங்கு ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், தலைத்துணி மருமகளின் கையில். சூட்டி மட்டும் காணவில்லை. வெல்க்ரோ வைக்கச் சொன்ன நானாவை மனத்துக்குள் கும்பிட்டேன். பொத்தான் வைத்த சட்டையோடு அந்த ஓட்டம் ஓடி ஒரு தேயிலைச் செடியில் மாட்டியிருந்தால் கழுத்து என்னவாகியிருக்கும்? வீட்டுக்கு வந்து தேடினோம். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, நடுங்கிக்கொண்டு கிடந்தது. மனிதக் காதுக்கு எட்டுவது அதிகம் போனால் 20,000 ஹேர்ட்ஸ். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கு வெறும் வெடியாகக் கேட்பதில் அதற்கு இன்னும் என்னென்னவெல்லாம் கேட்கிறதோ. எமனைப் பார்த்துப் பயப்படாத நாலு கண் நாய், நூறு ரூபாய்ச் சரத்துக்குப் பயந்து அன்றிரவு பலகாரத்தைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன். வீட்டில் சின்ன நாய் இருந்து, பிள்ளைகள் கேட்டால், ஹலோவீனோ தீபாவளியோ, தாராளமாக வேஷம் போடுங்கள். நாய்க்கு அதில் ஒரு லாபமும் இல்லை. சிரிப்பு முழுக்க நமக்குத்தான். ஆகவே செலவும் சிரமமும் நம்முடையதாகவே இருக்கட்டும். பத்து நிமிடம் போட்டு, படம் எடுத்து, கழற்றிவிடுங்கள். கேசரியிலும் லட்டிலும் கிடக்கும் பிளம்ஸை, அதாவது உலர்ந்த திராட்சையை, நாய்க்குக் கொடுக்காதீர்கள், அது நாய்க்கு விஷம்; சொக்கலேட்டும் அப்படித்தான். கழுத்துத் தகட்டில் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். முதல் வெடி வெடிப்பதற்கு முன்பே நாயை உள்ளே கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, கட்டிலுக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து வையுங்கள். உங்கள் வீட்டில் நாய் இல்லையென்றாலும், பக்கத்து லயத்தில் இருக்கும். சரத்தைக் கொளுத்துமுன் ஒரு குரல் கொடுங்கள்.